கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் பண்ணைவீடு

இத்தாலியின் தென்கிழக்குக் கோடியில், வரைபடத்தில் பூட்ஸின் குதிகால் மாதிரித் தெரிகிற சலேந்தோ பகுதியில், விற்பனைக்கு வரும் பழைய பண்ணைவீடுகளின் விளம்பரங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம், நட்சத்திர வளைகூரைகள், சில ஹெக்டேர் ஆலிவ் தோப்பு, கடலுக்குச் சில நிமிடங்கள். கீழே ஒரு படம்: வெள்ளைச் சுவர், நீல வானம், எங்கோ தூரத்தில் கடல். நான் இந்த ஊர்ப் பக்கம் பழைய கல் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால், வீடு வாங்க நினைக்கிற தெரிந்தவர்கள் இப்படிப்பட்ட விளம்பரங்களை எனக்கு அனுப்பி “எப்படி இருக்கு?” என்று கேட்பார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்பது என்ன என்று அந்த விளம்பரம் சொல்வதே இல்லை, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமீபத்தில் மிலானில் இருக்கும் நண்பர் குடும்பம் ஒன்று, அண்ணன் அண்ணி என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள், ஓட்ராந்தோவுக்கு வடக்கே அலிமினி ஏரிகளுக்கு உள்தள்ளி இருக்கிற ஒரு மஸ்ஸேரியாவைப் பார்க்க வந்தார்கள். மஸ்ஸேரியா என்பது இங்கே பெரிய பண்ணைவீட்டுக்குப் பேர். வீடு, தொழுவம், செக்கு, களஞ்சியம், ஆட்டுப்பட்டி, சின்னக் கோயில் எல்லாம் ஒரே மதிலுக்குள். மாடிக்கு ஏறியதும் அண்ணி கேட்ட முதல் கேள்வி, “தம்பி, கடல் தெரியுற ஜன்னல் எங்க?”

அப்படி ஒரு ஜன்னல் இல்லை. கிழக்குச் சுவரில், தலைக்கு மேல் உயரத்தில், ஒரு கை மட்டும் நுழைகிற மாதிரி இரண்டு துவாரங்கள் இருந்தன. அவ்வளவுதான். வாசல், முற்றம், பெரிய ஜன்னல்கள், படிக்கட்டு எல்லாமே நிலத்தைப் பார்த்து மேற்கே. ஏஜென்ட் சொன்னார், சுவரை இடித்துப் பெரிய கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்த வீட்டைக் கட்டியவர்களுக்குக் கடல் என்றால் பயம். 1480 கோடையில் கெடிக் அகமது பாஷாவின் தலைமையில் ஒட்டோமான் கப்பற்படை வந்து ஓட்ராந்தோவை முற்றுகையிட்டுப் பிடித்தது. ஊர் விழுந்த சில நாட்களில் சுமார் 800 பேரை ஊருக்கு வெளியே ஒரு குன்றில் வைத்துக் கொன்றார்கள். அவர்களுடைய எலும்புகளையும் மண்டையோடுகளையும் ஓட்ராந்தோ கதீட்ரலில் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். 2013ல் போப் பிரான்சிஸ் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார். அடுத்த வருஷமே ஊர் மீட்கப்பட்டாலும் கடற்கொள்ளைத் தாக்குதல் நிற்கவில்லை. பல தலைமுறைக்கு, கரையில் இறங்கி ஆளைப் பிடித்து அடிமையாக விற்கக் கொண்டுபோகிறவர்கள் எப்போது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் இந்தக் கரையில் வாழ்ந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் அரசை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராய்கள் கடலோரம் முழுக்கக் காவல்கோபுரங்களை எழுப்பினார்கள். ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பகலில் புகை, இரவில் தீ, அதுதான் எச்சரிக்கை. அந்தக் கோபுரங்களின் பேரில்தான் இன்று பாதிக் கடற்கரைகள் இருக்கின்றன: தோர்ரே தெல்லோர்சோ, தோர்ரே சாந்த் ஆந்த்ரேயா, தோர்ரே லாபில்லோ.

புகை தெரிந்ததும் வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து அடைக்கலம் புகுந்த இடம்தான் மஸ்ஸேரியா. நாங்கள் பார்த்த வீட்டில் வாசலுக்கு நேர் மேலே, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், கல் நீட்டிக்கொண்டு ஒரு சின்ன மாடம் மாதிரி இருக்கிறது, அடியில் ஓட்டை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும். கதவை உடைக்க வருகிறவன் தலையில் கல்லைப் போடவும், கொதிக்கிற எண்ணெயை ஊற்றவும் வைத்த ஓட்டை அது. படிக்கட்டு வீட்டோடு ஒட்டாமல் ஓர் ஆள் தாண்ட முடியாத இடைவெளி விட்டு முடிகிறது, நடுவில் ஒரு காலத்தில் தூக்குப்பாலம் இருந்திருக்கிறது, இப்போது சிமெண்ட் பலகை போட்டிருக்கிறார்கள். அண்ணன் அந்தப் பலகையில் நின்றுகொண்டு கீழே பார்த்தவர், கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கிழக்குச் சுவரை இடிக்கக் கூடாது. கட்டடத்தின் முழுக் கதையும் அந்த ஜன்னல் இல்லாத சுவரில்தான் இருக்கிறது. கடலைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினால் போதும், அங்கிருந்துதான் அவர்களும் பார்த்தார்கள். வானம் தெளிந்த நாட்களில் ஓட்ராந்தோ பக்கத்திலிருந்து அக்கரையில் அல்பேனியாவின் மலைகள் தெரியும், நடுவில் சுமார் 70 கிலோமீட்டர்தான்.

சரி, கட்டடத்துக்கு வருகிறேன். வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. சலேந்தோ அடங்கிய புலியா மாகாணத்தில் ஆறு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பூமி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, பெய்கிற மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும். அரசு 1906ல் தொடங்கிய பெரிய குடிநீர்த் திட்டம் 1915ல்தான் பாரி நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது, தெற்கு முனையான சாந்தா மரியா தி லேயுகாவை எட்டியபோது 1939 ஆகிவிட்டது. அதுவரைக்கும் கூரைதான் ஏரி. இந்த வீட்டின் மொட்டைமாடியில் பதித்த கல்பாளங்கள் எல்லாம் ஒரு மூலையைப் பார்த்து மெல்லச் சரிகின்றன, அந்த மூலையில் கல்லில் குடைந்த வாய்க்கால், அது சுவருக்குள் இறங்கி முற்றத்துக்கு அடியில் பாறையில் வெட்டிய தொட்டிக்குப் போகிறது. தொட்டியின் வாயில் வைத்த கல் வளையத்தில் கயிறு இழுத்து இழுத்து ஏற்பட்ட பள்ளங்கள், என் விரல் முழுசாக உள்ளே போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் எத்தனை பேருடைய கை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விளம்பரத்தில் இந்தத் தொட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குப் பதிலாக நீச்சல்குளம் அமைக்க இடம் உண்டு என்று போட்டிருந்தது.

வளைகூரையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இங்கேதான் புதிதாக வாங்குகிறவர்கள் பணத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள். மரம் குறைவான நாடு இது, உத்தரம் போட வழியில்லை, அதனால் கூரையையும் கல்லிலேயே கட்டினார்கள். நான்கு மூலையிலிருந்தும் கல் எழும்பி நடுவில் நட்சத்திரம் போல விரிகிறது. அந்தக் கனம் முழுக்க மூலைகளில் இறங்கி வெளிப்பக்கமாகத் தள்ளும், அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் ஒரு மீட்டருக்கும் மேலான சுவர். ஒரு சுவரைக் குறுக்கே வெட்டி இரண்டு அறையை ஒன்றாக்குகிறேன் என்று கிளம்பினால் பக்கத்து அறையின் கூரையில் விரிசல் விடும். அப்புறம் சிமெண்ட். லெச்சே கல்லும் இங்கே தூஃபோ என்று சொல்கிற மஞ்சள் கல்லும் மெத்தென்றவை, தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, காற்றில் அதை விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்பு வெள்ளையும் அதற்கு வழிவிடும். சிமெண்ட் பூச்சு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, அதோடு வருகிற உப்பு கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். கடல் பக்கத்தில் இது இன்னும் மோசம். ஷிரோக்கோ என்கிற தென்கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் சுவரைத் தொட்டால் கையில் பிசுபிசுக்கும். இந்த வீட்டின் தொழுவத்தில் எப்போதோ யாரோ இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அதற்கு மேலே உள்ள கல்வரிசை விரலால் சுரண்டினாலே மாவாகக் கொட்டுகிறது. சுண்ணாம்பில் வேலை தெரிந்த நல்ல கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கூலியும் அதிகம். கிடைக்கும்வரை காத்திருப்பதுதான் சரி.

முற்றத்தின் ஓரத்தில் ஒரு இரும்புக் கதவு, திறந்தால் பாறையில் வெட்டிய படிகள் கீழே போகின்றன. அதுதான் செக்கு. சலேந்தோவில் பழைய எண்ணெய்ச் செக்குகள் பலவும் இப்படிப் பூமிக்கு அடியில்தான். காரணம் எளிது: குளிர்காலத்தில் வெளியே எண்ணெய் உறைந்துவிடும், கீழே வருஷம் முழுக்க ஒரே வெதுவெதுப்பு, விளக்கும் மாடும் மனிதரும் சேர்ந்து இன்னும் சூடாக்குவார்கள், எண்ணெய் நன்றாகப் பிரியும். நடுவில் வட்டக் கல்மேடை, அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் உருளைக் கல், கண்ணைக் கட்டிய கழுதையோ கோவேறு கழுதையோ அதைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். ஓரத்தில் விலங்குக்குத் தீவனத் தொட்டி, அதற்கு அடுத்த குழி ஆட்கள் படுக்கிற இடம். ஐப்பசி வாக்கில் உள்ளே இறங்கினால் மறுபடி வெயில் காலம் வரும்போதுதான் வேலை முடியும், ராவும் பகலும் முறை வைத்து ஆட்டுவார்கள். சுவரில் விளக்கு வைத்த மாடங்களுக்கு மேலே இன்னும் கரி ஏறிக் கருத்திருக்கிறது, துடைத்தால் கையில் ஒட்டுகிறது.

இந்த எண்ணெயைச் சாப்பிடவா ஆட்டினார்கள்? பெரும்பகுதி விளக்குக்கு. மேற்குக் கரையில் இருக்கிற கல்லிபோலி துறைமுகம்தான் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்கு விளக்கெரிக்க ஆலிவ் எண்ணெய் அனுப்பிய பெரிய சந்தை. லண்டன் தெருக்களில் எரிந்த விளக்குகளுக்கு இங்கிருந்து எண்ணெய் போனது. எரிவாயு வந்தது, அப்புறம் மண்ணெண்ணெய், மின்சாரம், அந்த வியாபாரம் முடிந்தது. ஊரெல்லாம் வெளிச்சம் கொடுத்த எண்ணெயை ஆட்டியவர்கள் ஆறு மாதம் சூரியனைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். “ஒயின் பாதாள அறையாக மாற்ற ஏற்றது” என்று ஏஜென்ட் சொல்வதை இத்தாலியனிலிருந்து தமிழில் மாற்றிச் சொல்லவே எனக்கு மனசு வரவில்லை, சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

இந்தப் பண்ணைகளின் முதலாளிகள் ஊரில் மாளிகையில் இருந்தார்கள், கோடையில் வந்து மாடியில் தங்குவார்கள். கீழே காரியஸ்தர் குடும்பம். கூலியாட்கள் இந்த இரு தரப்புக்கும் கீழே: விடியுமுன் பக்கத்து ஊர்களிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ வந்து, இருட்டியபின் திரும்புவார்கள். கோயிலுக்குக்கூட அவர்களுக்குத் தனி வாசல், மதிலுக்கு வெளியே திறக்கிறது. முதலாளி குடும்பம் உள்வாசல் வழியாக வரும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இது பொறுக்காமல் வெடித்தது. நார்தோ, வேல்யே, லெவெரானோ ஊர்களைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள் ஆர்னேயோ என்கிற பெருநிலப் பகுதியில் தரிசாகக் கிடந்த பண்ணைகளுக்குள் இறங்கிக் கல்லையும் புதரையும் களைந்து உழத் தொடங்கினார்கள். 1951 ஜனவரி ஆரம்பத்தில் போலீஸ் வந்தபோது பிடித்து உள்ளே போட்டது மட்டுமில்லை, அவர்கள் வந்த சைக்கிள்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். கூலிக்குப் போகிறவனுக்கு அந்தச் சைக்கிள்தான் மொத்தச் சொத்து. 1950லேயே நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்திருந்தது, பெருநிலங்கள் கொஞ்சம் பிரிக்கப்பட்டன, கிடைத்த துண்டு நிலத்தில் பிழைக்க முடியாமல் பலர் சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் பெல்ஜியம் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போனார்கள். மஸ்ஸேரியாக்கள் காலியானது இப்படித்தான்.

கதை அங்கே முடியவும் இல்லை. 2011 கோடையில் நார்தோவில் மஸ்ஸேரியா போன்கூரியில் தங்கியிருந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள், தக்காளி பறிக்க வந்தவர்கள், கங்காணிகளின் கொள்ளையைத் தாங்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கமரூனிலிருந்து படிக்க வந்த இவான் சான்யே என்ற இளைஞர் முன்னால் நின்றார். அந்த வருஷமே கங்காணி முறை இத்தாலியில் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. அதே மாகாணத்தில் வடக்கே சவெல்லெத்ரியில் இருக்கிற போர்கோ எக்னாத்சியா என்ற ஆடம்பர விடுதியில் 2024 ஜூனில் ஜி7 மாநாடு நடந்தது, நம் பிரதமரும் போயிருந்தார், தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பார்க்கப் பழைய மஸ்ஸேரியா கிராமம் மாதிரியே இருக்கும், ஆனால் 2010ல் திறந்த புதுக் கட்டடம் அது. அந்தத் தோற்றத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறதென்றால், நிஜத்தில் உழைப்பு நடந்த கட்டடங்களை அதைவிடப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாமா?

தோப்பைப் பார்க்கப் போனோம். அண்ணி வாய்விட்டே அழுதுவிட்டார். விளம்பரத்தில் “ஆலிவ் தோப்பு” என்றுதான் போட்டிருந்தது. நின்றிருந்தவை எல்லாம் சாம்பல் நிறத்தில், இலையில்லாமல், முறுக்கிய அடிமரங்கள். 2013ல் கல்லிபோலி பக்கத்தில் சைலெல்லா என்கிற பாக்டீரியா இங்கே முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரக் காப்பிச் செடியில் வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மரத்தின் நீர் ஏறும் குழாய்களை அது அடைத்துவிடும், சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி மரத்துக்கு மரம் பரப்பும். சலேந்தோவின் சொந்த வகைகளான ஓலியாரோலாவும் செல்லினா தி நார்தோவும் இதைத் தாங்கவே இல்லை. லட்சக்கணக்கான மரங்கள் போயின, அவற்றில் பல நூறு வயது மரங்கள் ஏராளம். தாத்தா நட்டது, அவருடைய தாத்தா நட்டது என்று காட்டிய மரங்களை வெட்டி விறகுக்கு எடைபோட்டுக் கொடுத்த கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோப்பு செத்த பிறகு பண்ணையைக் கட்டி இழுப்பதில் அர்த்தமில்லை என்று விற்கிறார்கள், இன்று சந்தையில் இவ்வளவு மஸ்ஸேரியா வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சட்டப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லங்கம் பார்க்காமல் நம் ஊரில் அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம் இல்லையா, இங்கேயும் அப்படித்தான். கிரயம் நோட்டாயோ என்கிற அதிகாரி முன்னால்தான் நடக்கும், அவரை முதல் நாளே பிடித்துவிட வேண்டும். பழைய வீடுகளுக்கு வாரிசுகள் அதிகம், நாங்கள் பார்த்ததில் ஒருவர் அர்ஜென்டினாவில், எல்லோர் கையெழுத்தும் வேண்டும். நில வரைபடத்தில் இருக்கிற அறையும் நிஜத்தில் இருக்கிற அறையும் பொருந்த வேண்டும். முன்பணம் கொடுத்தபின் விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும், நீங்கள் பின்வாங்கினால் போனது போனதுதான். பாரம்பரியக் கட்டடமாக அரசு அறிவித்திருந்தால், அந்த விலைக்கே வாங்கிக்கொள்ள அரசுக்கு 60 நாள் உரிமை உண்டு. 1985லிருந்தே கடலிலிருந்து 300 மீட்டருக்குள் வெளித்தோற்றத்தை மாற்றும் வேலைகளுக்குப் பொதுவாக நிலக்காட்சிப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் பதிவு வரி 15 சதவீதம், இதை ஏஜென்ட்கள் கடைசி வரை சொல்ல மாட்டார்கள்.

இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம் ஒன்று உண்டு. பக்கத்து நிலத்தில் தானே உழுது பயிர் செய்கிற விவசாயி இருந்தால், விலை பேசி முடித்ததை அவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். அதே விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல அவருக்கு 30 நாள். சொல்லாமல் விற்றால், பத்திரம் பதிவான ஒரு வருஷத்துக்குள் அவர் வந்து அந்த நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். வாங்குகிறவர்களுக்கு இது தலைவலி. ஆனால் மண்ணில் உழைக்கிறவனுக்கு முதல் உரிமை என்று ஒரு நாடு எழுதி வைத்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது, அந்தச் சைக்கிள்களை நினைக்கும்போது இன்னும் பெரிதாக.

இந்த வீட்டுக்குப் பக்கத்து நிலத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். செத்த மரங்களை எடுத்துவிட்டு, நோயைத் தாங்கும் என்று நடுவதற்கு அனுமதித்திருக்கிற லெச்சினோ, ஃபவோலோசா என்கிற ஆலிவ் வகைகளை வரிசையாக வைத்திருக்கிறார். பேசிப் பார்த்தோம். நிலம் வாங்க அவருக்கு வசதியில்லை, ஆனால் யார் வாங்கினாலும் தோப்பைச் சேர்ந்து பார்க்கத் தயார் என்றார். வெறும் விடுமுறை வீடாக இதை வாங்குவதானால் வேண்டாம் என்று அண்ணனிடம் நேராகவே சொல்லிவிட்டேன். நிலத்தில் மறுபடி ஏதாவது விளைகிறது, செக்கு செக்காகவே இருக்கிறது, கிழக்குச் சுவரில் கை வைப்பதில்லை, இந்த மூன்றுக்கும் சம்மதமென்றால் வேலையை நானே எடுத்துச் செய்கிறேன் என்றேன். அண்ணன் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அண்ணி, புது மரம் வைத்தால் எப்போது காய்க்கும் என்று கேட்டார். ஃபவோலோசா மூன்றாம் வருஷமே காய்க்கத் தொடங்கும், ஆனால் அதற்குக் கோடையில் தண்ணீர் வேண்டும் என்றேன். அப்படியானால் முற்றத்துத் தொட்டியைத் தூர்வாரிச் சரிசெய்ய என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், அதற்குத்தான் இப்போது விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.